விளக்கு எரிகிறது, அம்பு நகரவில்லை

2001ஆம் ஆண்டு. லினக்ஸ் ஓடும் மேசைக்கணினியில் புதிதாக வாங்கிய யுஎஸ்பி மவுஸைச் செருகினால், அதன் வயிற்றில் சிவப்பு விளக்கு பளிச்சென்று எரியும். திரையில் அம்பு மட்டும் அசையாது. மேசையில் எத்தனை தரம் தேய்த்தாலும் பயனில்லை. கடைக்காரரிடம் திரும்பக் கொண்டுபோனால் அவர் தன் விண்டோஸ் கணினியில் செருகிக் காட்டுவார். அங்கே ஒழுங்காக ஓடும். அன்றைக்கு லினக்ஸைத் தொட்டுப் பார்த்த பலருக்கு இது பழகிப்போன ஏமாற்றம்.

அதே பழைய மவுஸைப் பரணிலிருந்து எடுத்து இன்றைய லினக்ஸ் மடிக்கணினியில் செருகிப் பாருங்கள். ஒரு விநாடிக்குள் அம்பு நகரும். எந்த சிடியும் போட வேண்டாம், எந்தக் கோப்பையும் திருத்த வேண்டாம். மவுஸில் ஒரு திருகாணிகூட மாறவில்லை. தான் யார், எப்படிப் பேசுவேன் என்பதை அது அன்றும் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. அதைக் கடைசிவரை கேட்டு உரிய இடத்தில் கொண்டுசேர்க்கும் ஏற்பாடு லினக்ஸுக்குள் அப்போது அரைகுறையாக இருந்தது. ஏறத்தாழப் பத்தாண்டு உழைப்பில் அது முழுமையானது.

யுஎஸ்பி கம்பியின் உள்ளே நான்கு இழைகள் உண்டு. இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தகவலுக்கு. விளக்கு எரிய மின்சார இழைகளில் வரும் 5 வோல்ட் போதும். கணினிக்கு மவுஸை அடையாளம் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. விளக்கை வைத்து மவுஸ் வேலை செய்கிறது என்று எண்ணுவது அதனால்தான் தப்புக் கணக்காகிறது.

உரையாடல் தொடங்குவது தகவல் இழைகளில். கணினிப் பக்கம் இரண்டு இழைகளையும் 15 கிலோ ஓம் மின்தடைகள் வழியாகப் பூஜ்யத்துக்கு இழுத்து வைத்திருக்கும். செருகப்பட்ட சாதனம் அவற்றுள் ஒன்றை 1.5 கிலோ ஓம் தடை வழியாக மேலே தூக்கும். நேர்க்குறி இழை உயர்ந்தால் விநாடிக்கு 1.2 கோடி பிட் வேகத்தில் பேசும் சாதனம். எதிர்க்குறி இழை உயர்ந்தால் 15 லட்சம் பிட் வேகத்தில் பேசும் மெதுவான சாதனம். சாதாரண மவுஸ்கள் பெரும்பாலும் இரண்டாம் வகை. ஒரு சொல்கூடப் பேசுவதற்கு முன்பு, ஒரேயொரு மின்தடையைக் கொண்டு "நான் வந்திருக்கிறேன், மெதுவாகத்தான் பேசுவேன்" என்று தெரிவித்துவிடும் இந்த ஏற்பாடு யுஎஸ்பியின் அழகான பகுதிகளில் ஒன்று.

அடுத்து கணினி அந்தச் சாதனத்தை ஒருமுறை மீட்டமைக்கும். மீட்டமைந்த சாதனம் பூஜ்யம் என்ற தற்காலிக முகவரியில் காத்திருக்கும். 1 முதல் 127 வரையிலான எண்களுள் ஒன்று அதற்குத் தனி முகவரியாக ஒதுக்கப்படும். பிறகு கேள்விகள். முதல் பதில் 18 பைட் நீளமுள்ள ஓர் அறிமுகக் குறிப்பு. தயாரிப்பாளர் எண், பொருள் எண் ஆகிய இரண்டும் அதில் இருக்கும். லாஜிடெக் என்றால் 046டி என்பது தயாரிப்பாளர் எண். அதைத் தொடரும் விவரங்களில் மூன்று சிறு எண்கள் வரும்: 3, 1, 2. மூன்று என்றால் மனிதர் கையாளும் கருவி வகை, அதாவது எச்ஐடி. ஒன்று என்றால் கணினி தொடங்கும் நேரத்தில் பயாஸுக்கும் புரியும் எளிய முறையில் பேசத் தெரிந்தது. இரண்டு என்றால் மவுஸ். விசைப்பலகையாக இருந்திருந்தால் கடைசி எண் 1 ஆகியிருக்கும்.

இந்த மூன்று எண்களில்தான் யுஎஸ்பியை வகுத்தவர்களின் தொலைநோக்கு இருக்கிறது. இன்டெலில் அந்த வேலையை முன்னெடுத்தவர்களில் முக்கியமானவர் குஜராத்தின் வதோதராவில் படித்த அஜய் பட். 1996 ஜனவரியில் முதல் விதிமுறை வெளிவந்தது. அதற்கு முன்பு மவுஸுக்கு ஒரு துளை, பிரிண்டருக்கு ஒரு துளை, மோடத்துக்கு ஒரு துளை. சில கருவிகளைச் செருகிய பிறகு கணினியை அணைத்துத் திரும்ப இயக்க வேண்டும். எந்தக் கம்பெனி செய்ததானாலும் மவுஸ் என்றால் 3 என்ற பொது வகையில் தன்னை அறிவிக்கலாம் என வகுத்ததால், ஒவ்வொரு மவுஸுக்கும் அதை இயக்கும் தனித்தனி நிரல், அதாவது டிரைவர், எழுதும் தேவை போயிற்று. தன்னார்வலர்களின் உழைப்பை நம்பியிருந்த லினக்ஸுக்கு இதைவிடப் பெரிய உதவி வேறு கிடைத்திருக்க முடியாது. கம்பெனிகள் லினக்ஸை மதித்து டிரைவர் எழுதித் தரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. விதிமுறையைப் படித்து ஒன்று எழுதினால் எல்லா மவுஸும் ஓடும்.

அந்த ஒன்றை எழுதுவதுதான் நாளெடுத்தது. இனாகி பெரெஸ்-கொன்சாலெஸ் என்பவர் லினக்ஸுக்கான முதல் யுஎஸ்பி அடுக்கைத் தொடங்கினார். 1999இல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் தானே இன்னும் எளிமையான வேறோர் அடுக்கை எழுதினார். வளர்ந்து நிலைத்தது அதுதான். எச்ஐடி பகுதியை அதே ஆண்டு ஆண்ட்ரியாஸ் கால் தொடங்கினார். செக் நாட்டைச் சேர்ந்த வோய்டெக் பாவ்லிக், சூசே நிறுவனத்தின் ஆதரவோடு அதை எடுத்து விரிவாக்கினார். மவுஸ், விசைப்பலகை, ஜாய்ஸ்டிக் அனைத்துக்கும் பொதுவான உள்ளீட்டு அடுக்கை லினக்ஸின் மையமான கெர்னலுக்குள் கட்டியவரும் அவரே. 2001 ஜனவரியில் வந்த 2.4 கெர்னலில் இவை எல்லாம் முறைப்படி இடம்பெற்றன. சில வாரங்களுக்கு முன்பே, 2000 டிசம்பரில், பழைய வரிசையின் 2.2.18 பதிப்பிலும் யுஎஸ்பி ஆதரவைச் சேர்த்திருந்தார்கள்.

கெர்னல் கற்றுக்கொண்ட பிறகும் அம்பு நகராமல் இருந்தது ஏன்? மவுஸுக்கும் அம்புக்கும் நடுவே இன்னும் பல கைகள் மாற வேண்டியிருந்தது. ஒவ்வொன்றையும் பயனர்தான் கோத்துக் கொடுக்க வேண்டும்.

முதலில், கணினியில் உள்ள யுஎஸ்பி கன்ட்ரோலர் எந்த வகை என்று தெரிய வேண்டும். இன்டெலும் வியாவும் யுஎச்சிஐ என்ற வகையைப் பயன்படுத்தின. காம்பாக், மைக்ரோசாஃப்ட், நேஷனல் செமிகண்டக்டர் ஆகியவை சேர்ந்து வகுத்தது ஓஎச்சிஐ. தவறான மாட்யூலை, அதாவது கெர்னலில் தேவைக்கேற்பச் சேர்க்கும் நிரல் துண்டை, ஏற்றினால் எதுவும் நடக்காது. போதாக்குறைக்கு 2.4 கெர்னலில் யுஎச்சிஐ வகைக்கே இரண்டு போட்டி டிரைவர்கள் இருந்தன. அதற்கு மேல் உள்ளீட்டு மாட்யூல், எச்ஐடி மாட்யூல், மவுஸ்டெவ் மாட்யூல் என்று ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும். பிறகு டெவ் அடைவுக்குள் இன்புட் என்ற உள்ளடைவை உருவாக்கி, அதில் மைஸ் என்ற பெயரில் ஒரு சாதனக் கோப்பை எம்கேநோட் கட்டளையால் கையாலேயே படைக்க வேண்டும். அதன் எண்கள் 13, 63. இந்த இரண்டு எண்களையும் மனப்பாடமாகச் சொல்லும் ஒரு தலைமுறையே அப்போது இருந்தது.

கடைசியாக எக்ஸ் என்ற வரைகலை அமைப்பின் அமைவுக் கோப்பு. அதில் பழைய பிஎஸ்2 மவுஸின் கோப்பைச் சுட்டிய வரியை அழித்துவிட்டுப் புதிய கோப்பின் பாதையை எழுத வேண்டும். அதற்கு அடுத்த வரியில்தான் விசித்திரம். இணைத்திருப்பது யுஎஸ்பி மவுஸ்; ஆனால் அது பேசும் மொழி என்ற இடத்தில் ஐஎம்பிஎஸ்2, அதாவது மைக்ரோசாஃப்ட் இன்டெல்லிமவுஸின் பிஎஸ்2 மொழி, என்று எழுதினால்தான் சக்கரம் உட்பட எல்லாம் வேலை செய்யும்.

இதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. பிஎஸ்2 துளையை ஐபிஎம் 1987இல் கொண்டுவந்தது. அந்த மவுஸ் ஒவ்வோர் அசைவுக்கும் மூன்று பைட் அனுப்பும். 1996இல் மைக்ரோசாஃப்ட் இன்டெல்லிமவுஸில் சக்கரத்தைச் சேர்த்தபோது நான்காவது பைட் தேவைப்பட்டது. ஆனால் மூன்று பைட்டை எதிர்பார்த்திருக்கும் பழைய மென்பொருளுக்கு நான்கு அனுப்பினால் கணக்குக் குழம்பி அம்பு திரையெங்கும் தாவும். ஆகவே ஒரு ரகசிய உடன்படிக்கை செய்தார்கள். மவுஸ் விழிக்கும்போது சாதாரண மவுஸாகவே நடந்துகொள்ளும். விநாடிக்கு எத்தனை முறை அளக்க வேண்டும் என்ற அமைப்பை யாராவது 200, 100, 80 என்று இதே வரிசையில் மாற்றினால், எதிரே இருப்பது சக்கரம் தெரிந்த மென்பொருள் என்று அதற்குப் புரியும். அதன் பிறகு அடையாள எண் கேட்டால் பூஜ்யத்துக்குப் பதில் 3 என்று சொல்லி, நான்கு பைட் அனுப்பத் தொடங்கும்.

எக்ஸ் அமைப்புக்கு இந்த உடன்படிக்கை தெரியும், யுஎஸ்பி தெரியாது. எனவே கெர்னலில் உள்ள மவுஸ்டெவ், யுஎஸ்பி மவுஸின் தகவலை வாங்கி, பிஎஸ்2 மவுஸ் பேசுவதுபோல் மாற்றிக் கொடுத்தது. எக்ஸ் வழக்கம்போல் 200, 100, 80 என்று அனுப்பும். மவுஸ்டெவ் அந்த வரிசையைக் கவனித்துக்கொண்டு, அடையாளம் கேட்கும்போது 3 என்று பதில் சொல்லும். உண்மையான மவுஸுக்கு இந்தப் பேச்சு எதுவும் போய்ச் சேராது. அந்த நிரல் இன்றைய கெர்னலிலும் இருக்கிறது. பழையதை உடைக்காமல் புதியதைக் கொண்டுவர இதைவிட நேர்த்தியான வழி எளிதில் தோன்றாது. எத்தனை மவுஸ் செருகினாலும் அனைத்தின் அசைவும் அந்த ஒரே மைஸ் கோப்பில் வந்து சேரும். ஒன்றுமே செருகாவிட்டாலும் கோப்பைத் திறக்க முடியும் என்பதால், மவுஸ் இல்லாத கணினியிலும் எக்ஸ் தொடங்கும்.

இப்போது கம்பியில் ஓடும் தகவலுக்கு வருவோம். மவுஸ் தானாக எதையும் அனுப்பாது. யுஎஸ்பியில் பேச்சைத் தொடங்கும் உரிமை கணினிக்கு மட்டுமே. வருகைப் பதிவேட்டில் பெயர் வாசிக்கும் ஆசிரியரைப் போலக் கணினி முறைவைத்து ஒவ்வொரு சாதனத்தையும் கேட்டுக்கொண்டே இருக்கும். சாதாரண மவுஸ் தன் குறிப்பில் 10 மில்லிவிநாடிக்கு ஒருமுறை கேட்டால் போதும் என்று சொல்லும். லினக்ஸ் அதை இரண்டின் அடுக்காகக் குறைத்து 8 மில்லிவிநாடியாக எடுத்துக்கொள்ளும். அதாவது விநாடிக்கு 125 தடவை. சொல்ல ஒன்றும் இல்லையென்றால் மவுஸ் "இப்போது இல்லை" என்று சுருக்கமாக மறுத்துவிடும். விளையாட்டுக்கென்று விற்கும் மவுஸ்கள் வேகமான வகையைச் சேர்ந்தவை. அவற்றை விநாடிக்கு 1000 தடவை கேட்கலாம்.

சொல்ல ஏதாவது இருந்தால், எளிய முறையில் மூன்று பைட் போதும். முதல் பைட்டில் எந்தப் பொத்தான் அழுந்தியிருக்கிறது. இரண்டாவதில் இடவல அசைவு. மூன்றாவதில் மேல்கீழ் அசைவு. இடது பொத்தானை அழுத்தியபடி வலப்பக்கம் ஐந்து படியும் மேலே இரண்டு படியும் நகர்த்தினால் 1, 5, −2 என்று வரும். சக்கரமும் கூடுதல் பொத்தான்களும் இருந்தால் பைட்டுகள் கூடும், வரிசை மாறும். ஒவ்வொரு கம்பெனியும் தன் விருப்பப்படி அடுக்கிக்கொள்ளலாம். ஆனால் எந்த பிட் எதைக் குறிக்கிறது என்ற விளக்கத்தையும் மவுஸே தர வேண்டும். எளிய மவுஸில் சுமார் 50 பைட்டுக்குள் அடங்கிவிடும் அந்த விளக்கத்தைப் படித்துப் பொருள்கொள்ளும் வேலையைத்தான் எச்ஐடி டிரைவர் செய்கிறது. 2001இல் மேசையில் கிடந்த மவுஸ் இன்றும் ஓடுவதற்கும், அடுத்த ஆண்டு வரப்போகும் மவுஸ் இன்றைய லினக்ஸில் ஓடப்போவதற்கும் இதுவே காரணம்.

படித்த தகவலைக் கெர்னல் தனித்தனி நிகழ்வுகளாக உடைக்கும். மேலே சொன்ன அசைவு, "272ஆம் எண் பொத்தான் அழுந்தியது", "குறுக்கே 5", "நெடுக்கே −2", "இந்தத் தொகுதி முடிந்தது" போன்ற நிகழ்வுகளாகும். இந்த இடத்துக்கு வந்த பிறகு அது யுஎஸ்பியா, புளூடூத்தா, பிஎஸ்2வா என்ற வேறுபாடு மறைந்துவிடுகிறது. பிஎஸ்2 வேடம் போடாமல் இந்த நிகழ்வுகளை நேரடியாகவே வாங்கிக்கொள்ள எக்ஸ் பின்னாளில் கற்றுக்கொண்டது.

மாட்யூலைக் கையால் ஏற்றும் வேலையும் ஒழிந்தது. சாதனம் சொன்ன எண்களையெல்லாம் கோத்துக் கெர்னல் ஒரே சரமாக வெளியிடும். 2003இல் தொடங்கிய யுடெவ் என்ற நிரல் அதைப் பிடித்து, எந்த மாட்யூலுக்கு எந்தச் சரம் பொருந்தும் என்ற பட்டியலில் தேடி ஏற்றிவிடும். எச்ஐடி டிரைவருக்கு எதிரே உள்ள பதிவில், தயாரிப்பாளர் எதுவானாலும் சரி, பொருள் எதுவானாலும் சரி, வகை மட்டும் 3 ஆக இருந்தால் போதும் என்று இருக்கிறது. சாதனக் கோப்பும் அப்போதே தானாக உருவாகிவிடும். ஓடிக்கொண்டிருக்கும்போதே செருகிய மவுஸை ஏற்கும் திறமை எக்ஸுக்கு 2007இல் வந்தது. 2010இல் அது நேரடியாக யுடெவ்வை நம்பத் தொடங்கியது. 2011இல் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கத் தொடங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. அவற்றில் மவுஸ் செருகிய மாணவர்கள் 13, 63 என்ற எண்களைக் கேள்விப்பட்டிருக்கவே வாய்ப்பில்லை.

மவுஸ் சொல்லாமல் விடும் ஒன்றும் உண்டு. ஓர் அங்குலம் நகர்த்தினால் எத்தனை படி எண்ணும் என்ற அளவை ஏறக்குறைய எந்த மவுஸும் தெரிவிப்பதில்லை. இதனால் ஒரு மவுஸில் நிதானமாக நகரும் அம்பு இன்னொன்றில் சீறிப்பாயும். இன்று பெரும்பாலான லினக்ஸ் மேசைத்தளங்களில் மவுஸைக் கவனிக்கும் லிப்இன்புட் நூலகம், அங்குலத்துக்கு 1000 படி என்ற பொது அளவுக்கு எல்லாவற்றையும் கொண்டுவர முயல்கிறது. அதற்கு வேண்டிய அளவுகளை உலகெங்கும் உள்ள பயனர்கள் மேசையில் அளவுகோலை வைத்து, மவுஸை நகர்த்தி அளந்து அனுப்பியிருக்கிறார்கள். யுடெவ்வுடன் வரும் ஒரு கோப்பில் மவுஸ் மாதிரிகளின் பெயரோடு அந்த எண்கள் வரிசையாக இருக்கின்றன. தங்களுக்குப் பயன்பட்ட அளவு முகம் தெரியாத மற்றவருக்கும் பயன்படட்டும் என்று செய்த இந்த வேலை, லினக்ஸ் உலகின் மிகச் சிறந்த குணங்களில் ஒன்று.

சாதனம் சொல்வதை அப்படியே நம்புவதில் ஆபத்தும் இருக்கிறது. 2014இல் பெர்லினைச் சேர்ந்த கார்ஸ்டன் நோல், யாகோப் லெல் இருவரும் பேட்யுஎஸ்பி என்ற தாக்குதலை விளக்கிக் காட்டினார்கள். பார்வைக்குப் பென்டிரைவ், உள்ளே இருக்கும் நிரலை மாற்றிவிட்டால் "நான் விசைப்பலகை" என்று அறிமுகம் செய்துகொண்டு, தானாகக் கட்டளைகளைத் தட்டத் தொடங்கும். 3, 1, 2 என்று சொல்வது மெய்யாகவே மவுஸ்தானா என்று சரிபார்க்க யுஎஸ்பியில் வழியில்லை. புதிதாகச் செருகும் எதையும் அனுமதி இல்லாமல் ஏற்காதபடி லினக்ஸில் தடுக்கலாம். யுஎஸ்பிகார்ட் என்ற நிரல் அதற்காகவே இருக்கிறது. பொது இடங்களில் உள்ள கணினிகளில் இதை அமைத்து வைப்பது நல்லது.

இன்றும் அம்பு நகராமல் போகலாம். அப்போது அடுக்கடுக்காகத் தேடுவதே வழி. கெர்னலின் பதிவேட்டைப் பார்த்தால், செருகிய கணத்தில் புதிய யுஎஸ்பி சாதனம் வந்ததாக ஒரு வரி இருக்க வேண்டும். இல்லையென்றால் போர்ட்டிலோ கம்பியிலோ கோளாறு. வரி வந்து, அறிமுகக் குறிப்பைப் படிக்க முடியவில்லை, பிழை −71 என்று தொடர்ந்தால் பெரும்பாலும் கம்பி நைந்திருக்கும் அல்லது போர்ட் தளர்ந்திருக்கும். வேறு போர்ட்டில் செருகிப் பார்க்கலாம். சாதனம் பட்டியலில் ஒழுங்காகத் தெரிகிறதா? அடுத்து ஈவிடெஸ்ட் என்ற நிரலை ஓட்டி மவுஸை அசைத்தால் நிகழ்வுகள் வரிவரியாக ஓடும். ஓடினால் கெர்னல்வரை எல்லாம் சரி, குறை மேசைத்தளத்தின் அமைப்பில். சில விநாடி சும்மா இருந்த மவுஸ் முதல் அசைவுக்குத் திணறினால், மின்சாரத்தை மிச்சப்படுத்தும் நிரல் ஏதாவது அதைத் தூங்க வைத்திருக்கும். அந்தச் சாதனத்துக்கு மட்டும் தூக்கத்தை நிறுத்திவிட்டால் சரியாகும்.

இவற்றில் எதிலும் அடங்காத ஒரு கோளாறும் பதிவாகியிருக்கிறது. பிக்ஸ்ஆர்ட் நிறுவனத்தின் சில்லைக் கொண்ட சில மலிவு மவுஸ்கள், வரைகலை இல்லாமல் எழுத்துத் திரையில் மட்டும் ஓடும் கணினிகளில், நிமிடத்துக்கு ஒருமுறை தாமாகவே துண்டித்துக்கொண்டு மறுபடி இணைந்தன. பதிவேடு முழுவதும் அதே வரிகள். காரணம் கெர்னலின் சிக்கன குணம். மவுஸ் நிகழ்வுகளைப் படிக்க எந்த நிரலும் காத்திருக்காதபோது, லினக்ஸ் மவுஸைக் கேள்வி கேட்பதையே நிறுத்திவிடும். நெடுநேரம் யாரும் கேட்காமல் விட்டால் இந்த மவுஸ்கள் தாமே மறுதொடக்கம் செய்துகொள்ளும். யாரும் படிக்காவிட்டாலும் கேட்டுக்கொண்டே இரு என்று கெர்னலுக்குச் சொல்லும் விதிவிலக்குப் பட்டியல் ஒன்று எச்ஐடி பகுதியில் இருக்கிறது. இந்த மவுஸ்களின் எண்கள் அதில் சேர்க்கப்பட்டன. அதே சில்லை வாங்கிப் பல கம்பெனிகள் தங்கள் பெயரில் மவுஸ் விற்றதால், பட்டியலில் ஒவ்வோர் எண்ணாகச் சேர்ந்துகொண்டே போனது. தன் மவுஸின் எண் அங்கே இல்லாதவர் கணினி தொடங்கும்போது கெர்னலுக்குக் கொடுக்கும் அளவுருவில் அதைக் குறிப்பிட்டுப் பார்க்கலாம். சரியானால், அந்த எண்ணைப் பட்டியலில் சேர்க்கும் சிறு திருத்தத்தைக் கெர்னல் பராமரிப்பாளர்களுக்கு அவரே எழுதி அனுப்பலாம்.